ஏரிநீரும் நுண்ணுறை மருந்தும்

காஞ்சிமாநகருக்குத் தெற்கே சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உத்தரமேரூர் என்னும் தொன்மை வாய்ந்த ஊர் உளது. அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்தே, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களைக் காண நாட்டின் பல பகுதிகளினின்றும் மக்கள் வருகின்றனர். அவற்றுட் கூறப்படும் குடவோலை முறையை நம் மாணவர் பள்ளிநாளிலேயே கற்றுளராதலின், அதனை ஈண்டு விரித்தல் மிகையாம். ஆயினும், அதன்கண் ஒரு செய்தி பலர் கருத்துக்கு எட்டாமற் போகின்றது. 30 குடும்புகளினின்றும் தெரிந்தெடுக்கப்பட்டோர் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என மூன்று வாரியங்களாகப் பிரிந்து 360 நாள் பணிபுரிந்தனர். இவற்றுள் ஏரி வாரியத்தார் அறுவர். ஊரின் நீர்நிலையைக் காத்தல் அவர் கடன். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும், பின்னர்க் குடத்தில் ஓலை இடப்பெறுந் தகுதியை இழந்தனர்.

கணக்கு என்னும் இச்சொல்லை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. ஏரிக்கு எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு சென்றது என்னுங் கணக்கை அந்நாளையோர் கேட்டனர். இந்நாளில் அதே நிலத்தில் நாம் தெளிக்கும் பூச்சிமருந்தில் எவ்வளவு பூச்சியைச் சென்று சேர்ந்தது, எஞ்சியது யாண்டுப் போயிற்று என்னுங் கணக்கைக் கேட்பார் அரியர். இரசாயன நூலார் அண்மைக் காலத்தில் ஆராய்ந்துவரும் ‘நானோ’ உறை மருந்துகளைப் பற்றி இக்கட்டுரையில் எழுதப் புகுந்ததற்கு இவ்வினாவே காரணமாம்.

உத்தரமேரூர் வட்டாரத்தில் நெல்லே தலைமையான பயிர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களிலும் யாதானும் ஒரு நிலத்தில் நெல் நின்றுகொண்டே இருக்கும். நாற்றங்காலிலிருந்து களம் சேரும்வரை அதற்குப் பகைவர் பலர். குருத்துப்பூச்சி தண்டைத் துளைத்து உட்புகுந்து நடுக்குருத்தை வாட்டும். கதிர் வந்தபின் புகுமாயின் கதிர் வெளுத்து மணியின்றி நிமிர்ந்து நிற்கும். இலைச்சுருட்டுப்புழு இலையை மடித்து அதனுள்ளே இருந்து பச்சையத்தைச் சுரண்டும். புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கூட்டங்கூட்டமாய் அமர்ந்து சாற்றை உறிஞ்ச, வயல் தீய்ந்ததுபோல் வட்டவட்டமாய்க் காய்ந்துவிடும். ஆனைக்கொம்பன், கதிர்நாவாய்ப்பூச்சி முதலியன வேறு. இவற்றைக் கண்ட உழவர் முதுகில் தெளிப்பானைச் சுமந்து வயலில் இறங்குகின்றார்.

அவர் தெளிக்கும் துளிகளைச் சற்றுப் பின்தொடர்ந்து செல்வோம். நெல்லிலையின்மீது மெழுகு போன்றதோர் மெல்லிய பூச்சு உண்டு. தாமரையிலையில் நீர் உருள்வதுபோல நெல்லிலையிலும் நீர் முத்தாய்த் திரண்டு உருண்டுவிடும். இதனாலன்றோ நம் உழவர் மருந்துடன் சோப்புக் கரைசலையோ ஒட்டும் திரவத்தையோ சேர்க்கின்றனர். அங்ஙனஞ் சேர்த்த பின்னரும் பெரிய துளிகள் உருண்டு சேற்றில் விழுகின்றன. சிறிய துளிகளைக் காற்று அயல்வயலுக்கும் தெளிப்பவர் முகத்திற்கும் கொண்டு செல்கின்றது. இலையில் ஒட்டியவற்றுள் ஒரு பகுதியை நண்பகல் வெயில் சிதைக்கின்றது. எஞ்சியதை அன்று மாலையிலோ மறுநாளோ பெய்யும் மழை கழுவுகின்றது. புழுவோ தண்டின் உள்ளேயும் மடிந்த இலையின் உள்ளேயும் இருக்கின்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் பிமென்டல் என்பவர், தெளிக்கப்படும் மருந்தில் நூற்றில் ஒரு பங்கின் பத்திலொன்றுக்கும் குறைவே குறித்த பூச்சியைச் சென்று சேர்கின்றது என 1995-இல் மதிப்பிட்டார். இது மதிப்பீடேயன்றி அளவன்று; பயிர்தோறும் மருந்துதோறும் வேறுபடும். ஆயினும், பெரும்பகுதி வீண் என்பதில் ஐயுறவு இல்லை.

வீணாவது கண்ட உழவர் யாது செய்வார்? இருமுறை தெளிக்க வேண்டியவிடத்து நான்குமுறை தெளிப்பார். ஒரு மூடி ஊற்ற வேண்டியவிடத்து ஒன்றரை மூடி ஊற்றுவார். அவரைப் பழித்தல் எளிது. கடன்பட்டு நட்ட பயிர் கண்ணெதிரே வெளுக்கும்போது பிறர் கூறும் அளவு யார் செவியில் ஏறும்?

இனி, வயலினின்றும் வழிந்த நீர் எங்கே செல்கின்றது? பழைய செங்கழுநீர்ப்பட்டு நாட்டின் ஏரிகள் தனித்தனியே நிற்பன அல்ல. மேலூர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீரும், அதன் பாசனத்து வயல்களில் மிகுந்த நீரும் வாய்க்கால் வழியே கீழூர் ஏரியைச் சேரும். அதனின்றும் அடுத்ததற்குச் செல்லும். ஆகவே மேலூரான் தெளித்தது கீழூரானது மாடு குடிக்கும் நீரில் வந்து கலக்கின்றது. அவ்வேரியிலேயே மீன் பிடிக்கின்றனர். கோடையில் அதன் உட்பரப்பிலேயே கால்நடை மேய்கின்றன. உத்தரமேரூருக்குக் கிழக்கே செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள கரிக்கிலி, வேடந்தாங்கல் ஆகிய ஏரிகளுக்கு ஆண்டுதோறும் நாரையும் கொக்கும் நத்தைகுத்தியும் வந்து குஞ்சு பொரிக்கின்றன. வேடந்தாங்கல் மக்கள் அப்பறவைகளைக் காக்கும் உரிமையைக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடமிருந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்தில் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் பயிருக்கு உரம் என்பதை அவர் அறிந்திருந்தனர். இரண்டு ஏரிகளும் 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. அப்பறவைகள் பகலெல்லாம் இரைதேடுவது சுற்றுப்புற ஊர்களின் வயல்களிலும் ஏரிகளிலுமே என்பதை மறத்தல் ஆகாது.

மருந்தினால் விளைந்த கேடுகளின் வரலாற்றை ஈண்டு நீட்டிக்க விரும்பவில்லை. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் என்னும் நஞ்சு உணவுப் பண்டத்திற் கலந்து நூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பெற்றது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011-இல் தடைசெய்தது. ஒன்றைத் தடுக்கின், அதற்கு ஈடாக வேறொன்று கடைக்கு வருகின்றது. நஞ்சினை மாற்றுவதினும், நஞ்சினைக் கொண்டுசெல்லும் முறையை மாற்றுதல் இயலுமோ என ஒரு சாரார் எண்ணியதே உறைமருந்து ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய்.

எண்ணம் புதியதன்று. கசப்பான மருந்தைக் கூட்டினுள் இட்டு விழுங்குகின்றோம். கூடு வயிற்றிற் கரைந்தபின் மருந்து வெளிப்படுகின்றது. வயலிலும் குருணைமருந்து இக்கருத்தைத் தழுவியதே. மணல்போன்ற குருணை சேற்றில் இருந்து சிறிது சிறிதாக மருந்தை விடுகின்றது. புதுமை, கூட்டின் பொருளிலும் அளவிலும் உள்ளது.

பொருளை முதற்கண் ஆராய்வாம். சிறிய மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட தொடராய் அமைந்த பொருளைப் பாலிமர் என்பர். தமிழிற் பலபடி எனலாம். பூக்கள் பலவற்றைத் தொடுத்து மாலையாக்குதல் போன்றது இது. பஞ்சும் பட்டும் மாவுப்பொருளும் இயற்கைப் பலபடிகள். நைலானும் பாலித்தீனும் செயற்கைப் பலபடிகள். உறைமருந்துக்கு இயற்கையினின்றும் எடுப்பனவற்றுள் இரண்டு சிறந்தன. ஒன்று கைட்டோசான், இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளினின்றும் எடுப்பது. பூச்சியின் மேலோடும் கைட்டினால் ஆயதே என்பது வேடிக்கை. மற்றொன்று ஆல்ஜினேட்டு, பழுப்புநிறக் கடற்பாசிகளினின்றும் எடுப்பது. இராமநாதபுரம் மாவட்டத்து மன்னார் வளைகுடாக் கரையில் மீனவர் அப்பாசிகளைச் சேகரித்து ஆலைகளுக்கு விற்பது நெடுநாள் வழக்கம். செயற்கையானவற்றுள் பாலிகேப்ரோலாக்டோன், பாலிலாக்டிக் அமிலம் முதலியன நாளடைவிற் சிதைந்து மட்கக்கூடியன.

இனி, அளவு. ஒரு மீட்டரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். உறைமருந்துத் துகள் பெரும்பாலும் 50 முதல் 500 நானோமீட்டர் வரை குறுக்களவு உடையது. இதனை மனத்தாற் பற்றுதற்கு நம் பழங்கணக்கு ஒன்று உதவும். கணக்கதிகாரம் முதலிய ஏடுகளின் வழிவந்த நீட்டலளவை வாய்பாட்டில், 8 அணு ஒரு கதிரெழுதுகள், 8 கதிரெழுதுகள் ஒரு துசும்பு, 8 துசும்பு ஒரு மயிர்நுனி எனவும், பின்னர் நுண்மணல், சிறுகடுகு, எள், நெல் என எட்டெட்டாய் ஏறி, 8 நெல் ஒரு விரல் எனவும் காண்கின்றோம். ஏட்டுக்கு ஏடு பெயர் சிறிது வேறுபடும். இதன்படி ஒரு மயிருக்கு 512 அணு. மயிரின் பருமன் 70,000 நானோமீட்டர் எனக் கொண்டால், ஓர் அணு ஏறத்தாழ 137 நானோமீட்டர் ஆகின்றது. உறைமருந்தின் அளவு ஏறக்குறைய அதுவே. விரலினின்றும் இறங்கிவரின் விடை வேறு: ஒரு விரலுக்கு 1,67,77,216 அணு, விரல் 2 சென்டிமீட்டர் எனின், அணு ஒன்று ஏறத்தாழ 1.2 நானோமீட்டர். இதனைக் கொண்டு நம் முன்னோர் நானோ நூலை அறிந்திருந்தனர் என மேடையில் முழங்கப் புகுவார் உளராயின், அவரை இவ்விரண்டு விடைகளின் வேற்றுமையே அடக்கும். முன்னோர் கண்ணாற் காணாததைக் கணக்காற் கற்பித்தனர், அவ்வளவே. அக்கற்பனையும் போற்றற்குரியதே.

சிறிதாக்குவதனால் வரும் பயன் யாது? ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் உள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதனையே 100 நானோமீட்டர்க் கனசதுரங்களாக அரிந்தால் இலட்சங்கோடி துண்டுகள் ஆகும். அவற்றின் மேற்பரப்பெல்லாஞ் சேர்ந்து 600 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் எழுதுதாளின் ஒருபக்கப் பரப்பளவு, ஆகும். பொருள் கூடவில்லை, அது தொடும் இடம் பதினாயிரம் மடங்கு கூடியது. இலையின் மெழுகுப்பூச்சிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் இத்துகள்கள் பொருந்தி அமர்கின்றன. துளி உருண்டோடும் இடத்தில் துகள் தங்குகின்றது.

இவற்றை ஆக்கும் முறை இரண்டனைக் கூறுவாம். பலபடியையும் மருந்தையும் அசிட்டோன் போன்றதொரு திரவத்திற் கரைத்து, அக்கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்கும் நீரிற் சொட்டுச்சொட்டாய் விட்டால், அசிட்டோன் நீரிற் கலந்து பிரிய, நீரிற் கரையாத பலபடி மருந்தை உள்ளடக்கிக்கொண்டு நுண்டுகள்களாய் நிற்கும். இது ஒருமுறை. மற்றொன்று மின்னேற்றத்தைக் கருவியாகக் கொண்டது. சற்றே புளித்த நீரிற் கரைந்த கைட்டோசான் நேர்மின்னேற்றம் உடையது. அதனுடன் எதிர்மின்னேற்றமுள்ள பாஸ்பேட்டு உப்பைச் சேர்த்தால் இழைகள் சுருண்டு துகளாகும். அருகிலிருந்த மருந்து அகப்பட்டுக்கொள்ளும்.

இரண்டாவது முறையின் சாயலை நம் இரசாயன சாலையில் மாணவரே கண்டறியலாம். 100 மில்லிலிட்டர் நீரில் 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைப் பொறுமையுடன் கரைத்து, அதிற் சிறிது மஞ்சட்பொடியைக் கலக்குக. நூற்றுக்கு இரண்டு வீதம் கால்சியம் குளோரைடு கரைத்த வேறொரு பாத்திரத்தில் அதனைச் சொட்டுச்சொட்டாய் விடுக. ஒவ்வொரு சொட்டும் மஞ்சள்நிற மணியாய் இறுகும். மணிகளிற் சிலவற்றைப் புளிக்காடியிலும், சிலவற்றைச் சோடியம் சிட்ரேட்டுக் கரைசலிலும் இட்டுப் பார்க்க. காடியில் மணி சுருங்கி அங்ஙனே கிடக்கும். சிட்ரேட்டோ மணியைப் பிணித்திருந்த கால்சியத்தைக் கவர்ந்துகொள்ள, மணி உப்பி நெகிழ்ந்து கரைந்துபோகும். சூழலுக்கு ஏற்ப உறை திறத்தல் என்பதன் பொருள் இதுவே. நாம் செய்த மணி நானோத்துகளினும் பதினாயிரக்கணக்கான மடங்கு பெரிது என்பதையும் உடன் நினைவிற் கொள்க.

இத்திறப்பு வயலில் எங்ஙனம் பயன்படும்? இலைச்சுருட்டி, குருத்துப்பூச்சி முதலியன அந்துப்பூச்சி இனத்தின் புழுக்கள். அவற்றின் நடுக்குடலிற் காரத்தன்மை மிகுதி. நம் இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. ஆகவே காரத்திற் கரைந்து அமிலத்தில் நிலைக்கும் உறை ஒன்றை அமைத்தால், அது புழுவின் குடலிற்றான் மருந்தை விரைந்து கொட்டும். இலையின்மேல் இருக்கும்போதோ மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். ஒருநாளில் முழுவதும் வெளிப்பட்டு மறைவதற்கு மாறாகப் பல நாள் நீடிப்பதனால், தெளிக்கும் தடவைகளும் குறையும்.

நம் நாட்டுக்கு இம்முறை எதனால் சிறப்பாக வேண்டற்பாலது என வினவுவார்க்கு வேம்பினைக் காட்டுவோம். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தல் வேளாண் அலுவலர் எவரும் கூறும் முறை. அதனை மாலையிலே தெளிக்க வேண்டும் எனவும் கூறுவர். காரணம், வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் வெயிலில் விரைவிற் சிதைவது. அப்பொருள் புழுவுக்கு உணவில் வெறுப்பை உண்டாக்கும். தோலுரித்து வளரும் ஒழுங்கைக் கெடுக்கும். மக்களுக்கும் பறவைக்கும் ஏனைய நஞ்சுகளைப்போல் ஊறுசெய்வதன்று. இத்துணை நலம் இருந்தும், சில நாட்களில் வலியிழந்துவிடுகின்றது என்னும் ஒரு குறையினாலேயே உழவர் வேம்பை விட்டுக் கடைமருந்தை நாடுகின்றனர். அசாடிராக்டினைப் பலபடி உறையுள் அடக்கினால் வெயிலின் தாக்குதல் குறைந்து அது நீடிப்பதைப் பல ஆராய்ச்சிச்சாலைகள் கண்டுள்ளன. கொடிய நஞ்சை நெடுநாள் நிலைக்கச் செய்வதினும், மெல்லிய மருந்தை வேண்டிய நாள்வரை நிலைக்கச் செய்வதே உறைக்குத் தகுந்த பணி என்பது என் துணிபு.

ஆராய்ச்சியாளர் இதுகாறும் கண்டது யாது? பிரேசில் நாட்டார் அட்ரசின் என்னும் களைக்கொல்லியைப் பாலிகேப்ரோலாக்டோன் உறையுள் இட்டுக் கடுகுச்செடிமீது தெளித்தனர். வழக்கமான அளவிற் பத்திலொரு பங்கே இட்டபோதும் களைகொல்லும் ஆற்றல் குறையவில்லை என 2015-இல் வெளியிட்டனர். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரும் தேசியப் பூச்சியின ஆராய்ச்சி நிலையத்தாரும் கூடி, பழ ஈயின் ஆணைக் கவரும் மெத்தில் யூஜினால் என்னும் நறுமணப்பொருளை ஒரு நானோக் கூழில் அடக்கிக் கொய்யாத் தோப்பில் வைத்து 2013-இல் நற்பயன் கண்டனர். அக்கூழ் பலபடியால் ஆயதன்று. சிறு மூலக்கூறுகள் தாமே பின்னிய வலையால் ஆயது. எனினும் நோக்கம் ஒன்றே: மணம் மெல்ல வெளிப்படல். அதன்கண் நஞ்சைப் பயிரின்மேல் தெளிப்பதே இல்லை என்பது தனிச்சிறப்பு. நம் மாநிலத்திற் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கெனத் தனித்துறை 2010-இல் ஏற்பட்டு உழவு சார்ந்த ஆராய்ச்சிகளைச் செய்துவருகின்றது. தூய இரசாயனத்திற்கும் பயன்முறை இரசாயனத்திற்கும் உரிய அனைத்துலக ஒன்றியம், 2019-இல் முதன்முறையாக வெளியிட்ட பத்துப் புதிய தொழில்முறைகளின் பட்டியலில் நானோப் பூச்சிமருந்தையும் சேர்த்தது.

இவற்றைப் படித்து மகிழ்ந்தவர், மெலனி காஹ் என்பவரும் அவர் குழுவினரும் 2018-இல் செய்த மதிப்பீட்டையும் படித்தல் நலம். வெளிவந்த ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து ஒப்பிட்ட அவர், வழக்கமான மருந்தினும் நானோமருந்தின் ஆற்றல் நடுத்தரமாக நூற்றுக்கு 20 முதல் 30 வரையே கூடுதல் என்றனர். வயலிற் செய்த சோதனை மிகச் சிலவே என்றும், பழைய மருந்துடன் நேர்நிறுத்தி ஒப்பிடாமலே புகழ்ந்தன பல என்றும் குறைகூறினர். 20, 30 என்பது சிறியதன்று. ஆனால் அற்புதமும் அன்று.

அற்புதம் என விளம்பரஞ் செய்யப்படுவன உழவரிடம் எங்ஙனம் முடிகின்றன என்பதற்கு நானோ யூரியாவின் கதை அண்மைச் சான்று. 2021-இல் கடைக்கு வந்த அத்திரவத்தின் அரைலிட்டர்ப் புட்டி ஒன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு எனச் சொல்லப்பட்டது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இரண்டாண்டு வயற்சோதனை செய்து, அங்ஙனம் மாற்றீடு செய்தவிடத்து நெல்லும் கோதுமையும் விளைச்சலிற் குறைந்தன எனக் கண்டனர். அது உரம், இது மருந்து. எனினும், புட்டியின் பெயரில் ‘நானோ’ என்றிருத்தல் மட்டும் சான்றாகாது என்பது இரண்டிற்கும் பொது.

உறையினால் வரக்கூடிய கேட்டுக்கும் முன்னிகழ்ச்சி ஒன்று உளது. அமெரிக்க நாட்டில் 1970-களில் மீத்தைல் பாரத்தியானைப் பலபடி உறையுள் அடைத்துப் பென்கேப்-எம் என்னும் பெயரால் விற்றனர். அக்கடிய நஞ்சு தெளிப்பவரின் தோலிற் பட்டாலும் எளிதிற் புகாதபடி உறை காத்தது. மருந்து பல நாள் நின்றது. எண்ணியபடியே எல்லாம் நிகழ்ந்தன. ஆனால் அவ்வுறைகளின் பருமன் பூந்தாதின் பருமனை ஒத்திருந்தது. தேனீக்கள் அவற்றைத் தாதுடன் தாதாகக் காலில் ஒட்டிக்கொண்டு கூட்டுக்குக் கொணர்ந்து சேமித்தன. வழக்கமான நஞ்சாயின் வெளியே சென்ற ஈ மடியும். இதுவோ கூட்டினுள் இருந்து மெல்லக் கசிந்து குஞ்சுகளையும் கொன்றது. மருந்தும் குற்றமற்ற முறையிற் செய்யப்பட்டதே. உறையும் சொல்லியபடி வேலை செய்ததே. பூவையும் ஈயையும் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை.

நானோத்துகள் பூந்தாதினும் பன்னூறு மடங்கு சிறிதாகலின், அதே கேடு அவ்வாறே நிகழும் என்பதற்கில்லை. ஆனால் அதற்கெனத் தனி வழிகள் உண்டு. மண்ணின் துளைகளில் பெரிய துகள் வடிகட்டப்படும். நுண்டுகள் ஊடுருவிச் செல்லவுங்கூடும், களிமண்ணில் ஒட்டி நின்றுவிடவுங்கூடும். ஏரிநீரில் மிதக்கும் துகளை நீர்ப்பூச்சி உண்ணும். அதனை மீன் உண்ணும். மீனை நாரை உண்ணும். வெயிலில் அழியாமற் காக்கும் உறை, ஏரியிலும் மருந்தை அழியாமற் காக்குமன்றோ? நிலைத்திருத்தல் என்னும் ஒரே குணம் இலையின்மேல் நன்மையாகவும், மதகைக் கடந்தபின் தீமையாகவும் ஆகின்றது. உறையின் பலபடி மட்காததாயின், மருந்து தீர்ந்தபின்னும் கூடு பிளாஸ்டிக் துகளாய்க் கிடக்கும். இதுபற்றியே ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்கைத் தடுக்கும் விதிகளைச் செய்தபோது, உறையிட்ட பயிர்மருந்துகளையும் அதனுட் படுத்தி, மாறிக்கொள்ளச் சில ஆண்டு தவணை கொடுத்தது. இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2020-இல் நானோ உழவுப்பொருள்களைச் சோதித்தற்குரிய நெறிகளை வெளியிட்டுள்ளது. துகளின் அளவு, நிலைப்பு, மண்ணிலும் நீரிலும் வாழ் உயிர்கட்கு நேரும் ஊறு ஆகியன ஆராயப்பட வேண்டும் என்பது அந்நெறிகளின் கருத்து.

உறைமருந்து வருங்காலப் பொருள் என்று மட்டும் எண்ணற்க. சற்றுப் பெரிய உறைகள், அதாவது மயிரின் பருமனிற் பத்திலொன்றோ அதினும் குறைவோ உள்ளவை, நம் ஊர்க் கடைகளில் முன்னரே உள்ளன. மருந்துப் புட்டியின் மேற்சீட்டில் ‘சி.எஸ்.’ என்னும் ஈரெழுத்துக் காணப்படின், மருந்து உறையிலிட்டு நீரில் மிதக்கவிடப்பட்டது என்று பொருள். லாம்டா சைஹாலோத்ரின் என்பது அவ்வகையில் விற்கப்படுகின்றது. கிராமத்து மாணவர் விடுமுறையில் வீடு செல்லும்போது புட்டிகளின் சீட்டைப் படித்துத் தந்தையாருக்கு விளக்குவாராக. அவ்வெழுத்தின் பொருள் அறியாதார் பலர்.

மற்றொன்றும் சொல்லாதுவிடின் கட்டுரை ஒருபாற் கோடியதாகும். எத்துணை நுட்பமான மருந்தாயினும், தெளிக்க வேண்டாத நாளில் தெளித்தால் தீங்கே. புகையானை உண்ணும் சிலந்திகளும் ஒருவகை நாவாய்ப்பூச்சியும் நெல்வயலில் இயல்பாகவே வாழ்கின்றன. கண்மூடித்தனமாய் மருந்திட்டால் முதலில் மடிவன இவையே. பகைவரை இழந்த புகையான் முன்னிலும் பன்மடங்கு பெருகும். இந்தோனேசிய நாட்டார் இதனைத் தம் நெல்விளைவில் நேரிற் கண்டனர். 1986-இல் அந்நாட்டு அரசு 57 வகை மருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாது எனத் தடுத்து, பூச்சியை எண்ணிப் பார்த்துத் தெளிக்கும் பழக்கத்தை உழவருக்குக் கற்பித்தது, விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. புழுவின் குடலிற் மட்டும் திறக்கும் உறை இச்சிலந்திகளைத் தப்பவிடுமாயின், அதுவே அதன் மிகப்பெரிய சிறப்பாகும். கொன்ற புழுக்களை எண்ணுவோர் தப்பிய சிலந்திகளையும் எண்ண வேண்டும்.

ஆதலின், உத்தரமேரூர்ப் பக்கத்தில் ஒருநாள் உறைமருந்துச் சோதனை நடைபெறின், அங்கே கேட்கத்தக்க வினாக்கள் சிலவற்றை இப்பொழுதே குறித்துவைக்கலாம். மேலைவயலில் தெளித்த மருந்தில் எத்துணைப் பங்கு மதகுக்குக் கீழுள்ள வாய்க்காலில் காணப்பட்டது? ஏரியின் அடிமண்ணில் உறை எத்தனை நாளில் மட்கிற்று? குஞ்சுமீனுக்கு யாது நேர்ந்தது? வெறும் வேப்பங்கொட்டைச் சாற்றையும் பக்கத்து வயலில் தெளித்து ஒப்பிட்டனரா? தெளிக்காத வயல் ஒன்றையும் விட்டுவைத்தனரா? விலை ஏக்கருக்கு என்ன? கீழூராரிடம் முன்னரே சொல்லினரா? இவற்றுட் பல இரசாயன வினாக்கள், சில அல்ல. ஒரு பட்டத்தின் சோதனையைக் கொண்டு இவற்றுக்கு விடைகூற இயலாது. சொர்ணவாரியில் ஏரி வற்றியிருக்கும், சம்பாவில் கலங்கல் பாயும், நவரையில் நீர் தேங்கி வெயில் ஏறும். துகளின் போக்கு மூன்றிலும் வேறு வேறு. ஓர் ஆண்டு முழுதும், மூன்று பட்டமும் பார்த்தாக வேண்டும். பழைய ஏரி வாரியத்தார் அறுவரும் பணிபுரிந்த காலமும் 360 நாளே.